டெக்சாஸுக்கு மாறலாமா? ஃபிரீமான்ட் வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட்டிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன். கணவர் சிப் வெரிஃபிகேஷன் (சிப்பின் வடிவமைப்பைச் சோதிக்கும் வேலை) பொறியாளர், கம்பெனி மூலம் வரும் எச்-1பி வேலை விசா. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது, கிரீன் கார்டு வரிசையில் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி 2016. இவர் எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கான விசா), ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையை வைத்து ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் டாலர், இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டுக்கு வாடகை மாதம் 3,600. மகனுக்கு 14 வயது, இந்தியாவில் பிறந்தவன், ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகிறான்.

கணவரின் கம்பெனிக்கு டெக்சாஸில் ஆஸ்டினிலும், டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனிலும் அலுவலகம் உண்டு. விருப்பமுள்ளவர்கள் மாறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தனார் குடும்பம் ஃபிரிஸ்கோவில் சொந்த வீட்டில் இருக்கிறது. "அங்கே ஸ்டேட் டாக்ஸ் கிடையாது, இங்கே கொட்டுகிற வாடகைக்கு அங்கே பெரிய வீடே வாங்கலாம், அதே கம்பெனி என்பதால் விசாவுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆகஸ்ட்டுக்குள் போய்விடலாம்" என்கிறார் கணவர். இவருக்குத் தயக்கம். வரி நிஜமாகவே மிச்சமாகுமா, மகனின் கல்லூரி என்ன ஆகும், வருடத்தில் சில மாதங்கள் வந்து தங்கும் அம்மாவுக்கு அந்த ஊர் ஒத்துவருமா என்று கேட்கிறார். கடைசியில், கொஞ்சம் தயங்கியபடி இன்னொன்று: "வீட்டை அவர் பெயரில் மட்டும்தான் வாங்கப்போகிறோம். நான் டிபென்டன்ட் என்பதால் எனக்கு உரிமை வராது என்கிறார்கள். உண்மையா?"

சகோதரி, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸுக்குப் போவதில் தவறில்லை. ஆனால் காகித வேலை முடியாமல் போகாதீர்கள், முதல் வருடம் வீடு வாங்காதீர்கள், ஃபிரிஸ்கோவா ஆஸ்டினா என்ற கேள்வியைக் கொழுந்தனார் வீட்டை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் வரி, வாடகை, பள்ளி எல்லாம் இருக்கின்றன. வேலை போனால் என்ன ஆகும் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. எச்-1பி குடும்பம் ஊர் மாறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

"அதே கம்பெனிதானே, விசாவுக்கு என்ன?"

இது தவறான எண்ணம், நிறையப் பேருக்கு இருக்கிறது. எச்-1பி அனுமதி கம்பெனிக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, வேலை செய்யும் இடத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு பெருநகர வட்டாரத்துக்குள்ளேயே அலுவலகம் மாறினால் பெரிய வேலை இல்லை. ஆனால் ஃபிரீமான்ட்டிலிருந்து டாலஸ் பக்கமோ ஆஸ்டினுக்கோ போனால், அந்த ஊர்ச் சம்பள நிலவரப்படி புதிய எல்சிஏ (சம்பளம், வேலையிடம் பற்றிக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் எடுக்கும் சான்று) எடுத்து, திருத்தப்பட்ட எச்-1பி மனுவைத் தாக்கல் செய்த பிறகுதான் அங்கே வேலையைத் தொடங்கலாம். 2015-ல் சிமியோ என்ற வழக்கின் தீர்ப்பில் இது தெளிவாகிவிட்டது. மனு ஒப்புதலாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தாக்கலானால் போதும். ஆனால் தாக்கலுக்கு முன்னால் லாரியில் சாமானை ஏற்றக்கூடாது. "ஜூலையில் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன், ஆகஸ்ட்டில் பேப்பர் போடட்டும்" என்று யோசனை இருந்தால் கம்பெனி வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கும் அந்த வீடுதான் வேலையிடம்.

2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் நடுவில் புரிகிறது. அது நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடும் புதிய மனுக்களுக்கானது. உள்ளேயே முறையாக இருந்துகொண்டு போடும் திருத்த மனுவுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறையே விளக்கம் கொடுத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் கிரீன் கார்டு. கணவருக்காகப் போட்ட பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதல் படியான தொழிலாளர் துறைச் சான்று) ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் வேலைக்கானது. நிரந்தரமாக டெக்சாஸ் என்றால் பெர்ம்மையும் ஐ-140-ஐயும் புதிதாகப் போட வேண்டிவரலாம். 2016 என்ற முன்னுரிமைத் தேதி கையை விட்டுப் போகாது, அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் புதிய பெர்ம் தொழிலாளர் துறையில் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கக்கூடியது, அந்த இடைவெளியில் உங்கள் தேதி கரன்ட் ஆகிவிட்டால், அதாவது வரிசையில் உங்கள் முறை வந்துவிட்டால், புதிய ஐ-140 இல்லாமல் கடைசிக் கட்ட மனுவைப் போட முடியாமல் நிற்பீர்கள். இதில் பாதிக்கப்படுவது மகன். 21 வயதானால் எச்-4 அவனுக்கு முடிந்துவிடும், அதற்குள் அந்தக் கடைசிக் கட்ட மனுவைப் போட்டு, கணக்கில் அவன் வயது மேலே ஏறாமல் நிறுத்தியாக வேண்டும். ஆகவே "டெக்சாஸ் வேலைக்குப் புதிய பெர்ம் தேவையா, தேவையென்றால் எப்போது தொடங்குவீர்கள்" என்று கணவர் கம்பெனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். கம்பெனி வக்கீல் முதலில் கம்பெனியின் நலனைத்தான் பார்ப்பார். நீங்களாக ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கோப்பைக் காட்டுங்கள், நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிக உருப்படியானது அதுவாக இருக்கும்.

உங்கள் ஈஏடி எந்த ஊருக்கும் செல்லும், அதில் திருத்தம் எதுவும் வேண்டாம். ஆனால் 2025 அக்டோபர் 30-லிருந்து புதுப்பிக்கப் போட்டால் பழைய அட்டை தானாக நீளும் வசதி இல்லை. முடிவதற்கு 180 நாள் முன்பே மனுப் போடலாம், அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். உங்கள் சிறிய நிறுவனத்திடமும் பேசுங்கள்: டெக்சாஸில் ஊழியர் வைக்க அவர்கள் அங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கும், சில முதலாளிகள் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. அப்புறம், குடிபோன 10 நாட்களுக்குள் மூன்று பேருக்கும் தனித்தனியாக ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் கார் பதிவுக்கு 30 நாள், ஓட்டுநர் உரிமத்துக்கு 90 நாள் கெடு.

வரி மிச்சமும் அதன் கணக்கும்

கணவர் சொல்வது பாதி சரி. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. உங்கள் வருமானத்துக்குக் கலிபோர்னியா வருமான வரி தோராயமாக 12,000-லிருந்து 13,000 டாலர் வரும், அதோடு எஸ்டிஐ என்ற மாநில இயலாமைக் காப்பீட்டுப் பிடித்தம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். மொத்தம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிஸ்கோ பக்கம் ஆறரை லட்சம் டாலர் வீடு என்றால் பள்ளி, நகராட்சி, கவுன்ட்டி எல்லாம் சேர்ந்த சொத்து வரி இடத்தைப் பொறுத்து 1.7-லிருந்து 2 சதவீதம் வரை வரும், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சலுகை போகக்கூட வருடத்துக்கு 9,000-லிருந்து 12,000 ஆகும். பிராஸ்பர், செலினா பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகள் சிலவற்றில் தண்ணீர், சாலை போட்ட கடனுக்காக எம்யுடி, பிஐடி என்று தனி வரியோ கட்டணமோ சேரும். பில்டர் காட்டும் மாதத் தவணையில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக் காப்பீடு ஆலங்கட்டி மழையால் அங்கே விலை அதிகம், வருடத்துக்கு 4,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அங்கே மண்ணும் ஈரத்தில் வீங்கிக் காயும்போது சுருங்குகிற களிமண், அதனால் வெயில் காலத்தில் வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள், கொழுந்தனாரைக் கேளுங்கள், சொல்வார். ஆக, வரியில் மிச்சமாவது கிட்டத்தட்ட வீட்டிலேயே போய்விடுகிறது.

அப்படியென்றால் லாபமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ஃபிரீமான்ட்டில் ஆறரை லட்சத்துக்குத் தனி வீடு கிடைக்காது, அங்கே கிடைக்கும். வீட்டு விலையில் இருக்கும் இந்த வித்தியாசம்தான் டெக்சாஸின் நிஜமான லாபம். அது நல்ல காரணம்தான், அதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. டெக்சாஸுக்குப் போனாலும் அதே சம்பளம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்; பல கம்பெனிகள் ஊருக்கேற்ப அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கின்றன, அதைக் கேட்டுவிட்டீர்களா? கணவருக்கு இன்னும் வெஸ்ட் ஆகாத (கைக்கு வராத) ஆர்எஸ்யூ, அதாவது கம்பெனி கொடுக்கும் பங்குகள், இருந்தால், கொடுத்த நாளிலிருந்து வெஸ்ட் ஆகும் நாள் வரை கலிபோர்னியாவில் உழைத்த பங்குக்கு, நீங்கள் டெக்சாஸ் போன பிறகும் கலிபோர்னியா வரி கேட்கும். ஊர் மாறிய வருடத்தில் கலிபோர்னியாவுக்கு 540என்ஆர் வரிப் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும், அந்த ஒரு வருடமாவது அனுபவமுள்ள ஒரு சிபிஏ கணக்காளரிடம் கொடுங்கள்.

வேலை போனால்

கணவர் வேலை இழந்தால் உங்களுக்குக் கிடைப்பது 60 நாள் வரைதான், தங்கும் கெடுவைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் இன்னொரு கம்பெனி எச்-1பி மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது வேறு நிலைக்கு மாற மனுப் போட வேண்டும். உங்கள் ஈஏடியும் அவருடைய நிலையில்தான் தொங்குகிறது, அவருடையது போனால் உங்கள் சம்பளமும் நிற்கும்.

இப்போது வரியைத் திரும்பிப் பாருங்கள். சம்பளம் நின்றால் கலிபோர்னியாவில் வருமான வரியும் அதோடு நின்றுவிடும். டெக்சாஸில் சொத்து வரி நிற்காது. வேலை இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, ஒவ்வொரு மாதமும் வீட்டுக் கடன் தவணையோடு எஸ்க்ரோ கணக்குக்குப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். வாடகை வீடு என்றால் லீஸை முறிக்க இரண்டு மாத வாடகையோடு போகும். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வீட்டை 60 நாளில் விற்கப் போனால் ஏஜென்ட் கமிஷனிலேயே போட்ட முன்பணத்தில் நல்ல பங்கு கரைந்துவிடும். வேலை போன பிறகு என்னிடம் வருகிறவர்களில், வீடு இருப்பவர்கள்தான் எப்போதும் அதிகமாகத் தவிக்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் போய் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து, ஆறு மாதச் செலவைக் கையில் ரொக்கமாக வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஆஸ்டினை யோசிக்கச் சொன்னதும் இதனால்தான். சிப் வெரிஃபிகேஷன் வேலைக்குக் கலிபோர்னியாவை விட்டால் ஆஸ்டினில் வாய்ப்பு அதிகம். ஏஎம்டி, என்எக்ஸ்பி, சாம்சங், ஆப்பிள், ஆர்ம் என்று வரிசையாக இருக்கின்றன. டாலஸ் பக்கம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இருக்கிறது, வேறு சிலவும் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு நெருக்கமாக இல்லை. பொதுவான மென்பொருள், வங்கி, தொலைத்தொடர்பு வேலை என்றால் டாலஸ் நல்ல ஊர். உங்கள் கணவரின் துறைக்கு, 60 நாளில் அதே ஊரில், மகனின் பள்ளியை மாற்றாமல் அடுத்த வேலை கிடைக்க எங்கே வாய்ப்பு அதிகம் என்று அவரே உட்கார்ந்து காலியிடங்களை எண்ணிப் பார்க்கட்டும். ஆஸ்டினிலிருந்து ஃபிரிஸ்கோ காரில் நாலு மணி நேரப் பயணம், பண்டிகைக்குப் போய்வரலாம். தம்பி பக்கத்தில் இருப்பது பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு இருப்பது இந்த நாட்டில் லேசில் கிடைப்பதில்லை. அந்தப் பலத்தையும் வேலை வாய்ப்பையும் எடை போட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு கவனம். இடம் மாறும்போது புதிய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை கலிபோர்னியாவில் செல்லாது. டெக்சாஸில் காலமும் எல்லையும் நியாயமாக இருந்தால் செல்லும். 60 நாளில் வேலை தேட வேண்டிய மனிதருக்கு அந்த ஒரு பத்தி கழுத்தை நெரிக்கும், அதைப் பேசி நீக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். வேலையை விட்டு நிறுத்தினால் கலிபோர்னியாவில் கடைசிச் சம்பளத்தையும் சேர்ந்திருக்கும் விடுப்புக் காசையும் அன்றே கொடுத்தாக வேண்டும். டெக்சாஸில் சம்பளத்துக்கு ஆறு நாள் அவகாசம், விடுப்புக் காசு கம்பெனியின் விதியைப் பொறுத்தது.

மகனின் படிப்பு

மாறுவதென்றால் இதுதான் நேரம், பதினொன்றாம் வகுப்பு தாண்டிவிட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்க, பெற்றோர் 12 மாதம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 குடும்பங்களுக்கும் அது உண்டு, கிரீன் கார்டு இருந்தால்தான் என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். லீஸ், உரிமம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் கலிபோர்னியாவை விட்டுப் போனால் யூசி எனப்படும் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் அவன் வெளிமாநிலத்து மாணவன், வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம். பெர்க்லி, சான் டியேகோ என்று அவனுக்கு மனதில் ஏதாவது இருந்தால் இப்போதே கேளுங்கள், முடிவு எடுத்த பிறகு சொல்வது நியாயமில்லை.

டெக்சாஸில் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்ற சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அது 2026 இலையுதிர்ச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். அதுவும் பல்கலைக்கழகத்தில் இடம்தான் உறுதி, கேட்ட பாடப்பிரிவு இல்லை. ஃபிரிஸ்கோ, பிளேனோ போன்ற இடங்களில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பிள்ளைகள், அங்கே முதல் 5 சதவீதம் என்பது மிகக் கடினம். வெளியிலிருந்து வருகிற பையனின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை ரேங்க்கில் எப்படிச் சேர்ப்பார்கள் என்பதைப் பள்ளி கவுன்சிலரிடம் வீடு பார்க்கும் முன்பே கேளுங்கள். முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருப்பதால் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் என்று எண்ண வேண்டாம், நகரத்தின் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் வருகின்றன.

வீட்டில் உங்கள் உரிமை

இல்லை, உண்மையில்லை. உங்களுக்கு உரிமை இல்லை என்று சொன்னவர் யாராக இருந்தாலும் தவறாகச் சொல்லியிருக்கிறார். சொத்துரிமைக்கும் விசாவுக்கும் சம்பந்தமே கிடையாது. கலிபோர்னியா, டெக்சாஸ் இரண்டிலுமே திருமண காலத்தில் சம்பாதித்து வாங்கியது கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து, பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். டெக்சாஸில் குடும்பம் குடியிருக்கும் வீட்டை மனைவி கையெழுத்து இல்லாமல் விற்கவும் முடியாது. கடன் அவர் வருமானத்தில் மட்டும் எடுத்தாலும், பத்திரத்தில் உங்கள் பெயரையும் போடலாம், கடன் வேறு பத்திரம் வேறு. போடச் சொல்லுங்கள். இதைக் கேட்பதால் கணவர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. நாளை அவருக்கு ஏதாவது ஆனால் வங்கியிலும் கோர்ட்டிலும் நீங்கள் அலையாமல் இருக்க இதுதான் சுலபமான வழி. இருவரும் உயிலும் எழுதுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபிரீமான்ட்டில் அவர் தனியாகப் பூங்காவுக்கும் கடைக்கும் நடந்து போய்வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிரிஸ்கோ டாலஸின் டார்ட் ரயில், பஸ் அமைப்பில் சேராத நகரம், யாராவது கார் எடுத்தால்தான் அவர் வெளியே போக முடியும். கோயிலுக்குக் குறைவில்லை, காரிய சித்தி அனுமன் கோயில் அந்த ஊரிலேயே இருக்கிறது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் கடுமை, சில நாள் 38 டிகிரியைத் தாண்டும், பகல் முழுக்க ஏசி அறைக்குள்தான். பார்வையாளர் காப்பீடு எந்த மாநிலத்திலும் ஒன்றுதான், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பெரும்பாலும் உதவாது, மருந்தை ஊரிலிருந்தே கொண்டுவரட்டும். உங்கள் தைராய்டுக்குக் கைசர் மருத்துவமனையில் பார்க்கிறீர்கள், கைசர் டெக்சாஸில் இல்லை, கிளம்பும் முன் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அம்மாவை அக்டோபர் கடைசியில் வந்து மார்ச்சில் திரும்புகிறமாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்கள். வாடகைக்கு வீடு தேடும்போது நடைபாதையும் பக்கத்தில் ஒரு பூங்காவும் கடையும் இருக்கிற தெருவாகப் பாருங்கள், ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை.